சிஜிநாட் (பல வீடுகளுக்கு ஒரே பப்ளிக் ஐபி) இணைப்பில் மைன்கிராஃப்ட் சர்வர்: போர்ட் ஃபார்வர்ட் பண்ணியும் வெளியிலிருந்து யாரும் நுழைய முடியவில்லை

மண்வெட்டி_07

வணக்கம். வீட்டு டெஸ்க்டாப் ஒண்ணுல (ஐ5 ஆறாம் தலைமுறை, 16 ஜிபி ரேம், உபுண்டு 24.04) பேப்பர்ங்கிற மைன்கிராஃப்ட் சர்வர் ஓடுது. விளையாடப்போறது எட்டுப் பேர். அஞ்சு பேர் கம்ப்யூட்டர்ல ஜாவா எடிஷன், மூணு பேர் போன்ல பெட்ராக். போன்காரங்களுக்காக கீசர் (பெட்ராக்கை ஜாவா சர்வரோட இணைக்கிறது), ஃப்ளட்கேட் (ஜாவா கணக்கு இல்லாம அவங்களை விடுறது) ரெண்டு ப்ளகினும் போட்டிருக்கு. சென்னை, மதுரை, கோவைன்னு ஆளுக்கொரு ஊர்.

வீட்டு வைஃபைல இருந்து இணைஞ்சா எந்தக் குறையும் இல்ல. வெளியிலிருந்து ஒருத்தருக்கும் கிடைக்கல. இதுவரைக்கும் செஞ்சது: டெஸ்க்டாப்புக்கு 192.168.1.50-ன்னு மாறாத ஐபி, ரவுட்டர்ல டிசிபி 25565, யூடிபி 19132 ரெண்டையும் அதுக்கு ஃபார்வர்ட் பண்ணது, உபுண்டு ஃபயர்வால்ல அதே ரெண்டையும் திறந்தது, யூபிஎன்பி (தானா போர்ட் திறக்கிற வசதி) ஆன், டக்டிஎன்எஸ்ல (மாறுற ஐபிக்கு மாறாத பேரு தர்ற சேவை) ஒரு பேரு. கடைசியா டிஎம்இசட்லயும் (எல்லாப் போர்ட்டையும் ஒரே மெஷினுக்கு விடுறது) போட்டாச்சு. போர்ட் சோதிக்கிற தளங்கள் எல்லாம் மூடியிருக்குன்னே காட்டுது.

ரவுட்டர் ஸ்டேட்டஸ் பக்கத்துல வேன் ஐபி (ஐஎஸ்பி ரவுட்டருக்குக் கொடுக்கிற முகவரி) 100.81-ல ஆரம்பிக்குது. "என் ஐபி என்ன"ன்னு தேடினா வேற ஏதோ எண் வருது. ஃபைபர் இணைப்பு, பிபிபிஓஇ (பேரு பாஸ்வேர்ட் போட்டு இணையற முறை), 100 எம்பிபிஎஸ் ப்ளான். மாசாமாசம் பெருசா செலவழிக்க முடியாது. என்ன வழி இருக்கு?

நாட்_நாயகன்

அந்த 100.81-லயே விஷயம் முடிஞ்சுபோச்சு ப்ரோ. 100.64.0.0-ல இருந்து 100.127.255.255 வரைக்கும் உள்ள முகவரிகளை 2012-ல சிஜிநாட்டுக்குன்னே தனியா ஒதுக்கி வெச்சாங்க. உங்க ரவுட்டர்ல ஒரு நாட் (உள் முகவரிக்கும் வெளி முகவரிக்கும் நடுவுல மாத்திக் கொடுக்கிறது), அதுக்கு மேல ஐஎஸ்பி கிட்ட இன்னொரு நாட். ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னால நிறைய வீடுகள் இருக்கும். வெளியிலிருந்து 25565-க்கு ஒரு பாக்கெட் வந்தா, அதை எந்த வீட்டுக்குத் தள்ளணும்னு அந்தப் பெரிய நாட்டுக்குத் தெரியாது, அங்கேயே போட்டுடும். உங்க ரவுட்டர் வரைக்கும் அது வந்து சேர்றதே இல்ல. அதனால ரவுட்டர்ல எதைத் திறந்தாலும் பலன் பூஜ்யம்.

டிஎம்இசட், யூபிஎன்பி ரெண்டையும் இப்பவே ஆஃப் பண்ணுங்க. பிரயோஜனம் இல்லாம ஆபத்து மட்டும் மிச்சம். டக்டிஎன்எஸ் காட்டுற ஐபியும் உங்களுது இல்ல, பொதுவுல இருக்கிறது.

இதே குழப்பத்தோட வர்றவங்களுக்காக, வேன் ஐபியை எப்படிப் படிக்கணும்னு சொல்லிடறேன். வேன் ஐபியும் வெளியில தெரியற ஐபியும் ஒண்ணா இருந்தா சிஜிநாட் இல்ல, உங்க ஃபார்வர்ட் விதியிலயோ ஃபயர்வால்லயோதான் தப்பு. வேன் ஐபி 192.168-ல ஆரம்பிச்சா, ஐஎஸ்பி கொடுத்த ஓஎன்டி (ஃபைபர் பெட்டி) ஒரு ரவுட்டராவும் நீங்க வாங்கின ரவுட்டர் இன்னொண்ணாவும் ஓடுது; ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை பார்க்காம சும்மா கடத்துற நிலை) மாத்தி, பிபிபிஓஇ பேரு பாஸ்வேர்டை உங்க ரவுட்டர்ல போட்டா போதும். 100.64 முதல் 100.127 வரைக்கும்னா சிஜிநாட். 10-ல ஆரம்பிச்சாலும் பெரும்பாலும் அதேதான். சந்தேகம் இருந்தா உங்க பப்ளிக் ஐபிக்கே ஒரு ட்ரேஸ்ரூட் (வழியில இருக்கிற பெட்டிகளைக் காட்டுற கட்டளை) போடுங்க. ஒரே தாவல்ல முடிஞ்சா அது உங்க ரவுட்டரோடது, அதுக்கு மேல போச்சுன்னா நடுவுல இன்னொரு பெட்டி இருக்கு.

போர்ட் சோதிக்கும்போது சர்வர் ஓடிட்டு இருக்கணும், இல்லன்னா திறந்த போர்ட்டும் மூடினதாத்தான் தெரியும். அந்தத் தளங்கள்ல நிறைய டிசிபி மட்டும்தான் பார்க்கும், 19132-ஐ அதுல பார்த்து முடிவுக்கு வராதீங்க. இன்னொண்ணு, வீட்டுக்குள்ள இருந்தே பப்ளிக் ஐபியைப் போட்டுச் சோதிக்காதீங்க. ஹேர்பின் வசதி (உள்ளிருந்து பப்ளிக் ஐபிக்குப் போறதை உள்ளயே திருப்புறது) இல்லாத ரவுட்டர்னா எல்லாம் சரியா இருந்தாலும் இணையாது. போன்ல வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல பாருங்க.

முதல் வேலையா ஐஎஸ்பிக்கு ஒரு போன் போடுங்க. "ஸ்டாட்டிக் ஐபி வேணும்"னு கேட்டா மாசக் கட்டணத்தைச் சொல்லுவாங்க. உங்களுக்கு அது தேவையே இல்ல. "சிஜிநாட் இல்லாத டைனமிக் பப்ளிக் ஐபி கிடைக்குமா"ன்னு கேளுங்க. எல்லா ஊர்லயும் கொடுப்பாங்கன்னு இல்ல, ஆனா அந்தக் கேள்வியைக் கேட்கிறவங்களே கம்மி. கிடைச்சா நீங்க ஏற்கனவே போட்டு வெச்ச ஃபார்வர்டும் டக்டிஎன்எஸ்ஸும் அப்படியே வேலை செய்யும்.

கரிச்சான்

எட்டு நண்பர்களுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? டெயில்ஸ்கேல்னு ஒரு விபிஎன் இருக்கு, அதைப் போட்டு முடிங்க. சர்வர்ல இன்ஸ்டால் பண்ணி லாகின் பண்ணுங்க, அந்த ஒரு மெஷினை மட்டும் ஒவ்வொருத்தர் அக்கவுண்ட்டுக்கும் ஷேர் பண்ணுங்க. அவங்க டெயில்ஸ்கேலை ஆன் பண்ணிட்டு, உங்க மெஷினோட 100-ல ஆரம்பிக்கிற முகவரியை மைன்கிராஃப்ட்ல போட்டா ஆச்சு. அதுவும் சிஜிநாட் முகவரி வரம்பையேதான் எடுத்துக்கும், பார்த்துக் குழம்ப வேண்டாம்.

காசு கிடையாது, போர்ட் எதுவும் உலகத்துக்குத் திறக்காது. ஸ்டேட்டஸ் கட்டளையில ஒவ்வொரு ஆளுக்கும் "டைரக்ட்"னு வருதா "ரிலே"ன்னு வருதான்னு மட்டும் பாருங்க. டைரக்ட்னா ரெண்டு வீட்டுக்கும் நேர் வழி, பிங் நல்லா இருக்கும். ரிலேன்னா அவங்க சர்வர் வழியா சுத்திப் போகுது. பெங்களூர்லயே ரிலே இருக்கிறதால அதுவும் மோசம் இல்ல, ஆனா வேகம் மட்டுப்படும்.

போன்ல பெட்ராக் ஆடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல லேன் கேம்னு தானா வரும்னு காத்திருக்காதீங்க. அது பிராட்காஸ்ட் மூலமா கண்டுபிடிக்கிறது, டெயில்ஸ்கேல் அதைக் கடத்தாது. சர்வர்ஸ் பக்கத்துல கையால சேர்க்கணும், போர்ட் 19132.

தேன்சிட்டு

கரிச்சான் சொல்வது கணினிக்காரர்களுக்குச் சரி. போன்காரர்களிடம்தான் இது இழுபறியாகும். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் இயங்கும். விளம்பரத் தடுப்புச் செயலிகள் பலவும் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கின்றன. பேட்டரி சேமிப்பு வேறு பின்னணியில் அதை அணைத்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை யாராவது "சர்வர் டவுனா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அதற்கு முன் ஐபிவி6 (புதிய, நீளமான முகவரி முறை) கிடைக்கிறதா என்று பாருங்கள். சிஜிநாட் ஐபிவி4-க்கு மட்டும்தான். ரவுட்டர் ஸ்டேட்டஸில் ஐபிவி6 முன்னொட்டு தெரிந்தால் உங்கள் டெஸ்க்டாப்புக்கு உலகம் முழுதும் அணுகக்கூடிய முகவரி ஏற்கனவே இருக்கிறது. நாட் என்ற பேச்சே இல்லை. ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த ஒரு முகவரிக்கு டிசிபி 25565, யூடிபி 19132 இரண்டை மட்டும் அனுமதித்தால் போதும்.

சிக்கல்கள் மூன்று இடத்தில் வரும். ஐஎஸ்பி தரும் ஓஎன்டிகள் சிலவற்றில் ஐபிவி6 ஃபயர்வாலுக்கு ஆன், ஆஃப் என்ற இரண்டு நிலைதான். ஆஃப் செய்தால் வீட்டிலுள்ள டிவி, கேமரா எல்லாமே வெளியே தெரியும். அதைச் செய்யாதீர்கள், அத்தகைய பெட்டியென்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். அடுத்து, லினக்ஸில் ஒரே கார்டுக்கு இரண்டு மூன்று ஐபிவி6 முகவரி இருக்கலாம். "டெம்பரரி" என்று குறித்திருப்பது தனியுரிமைக்காக அடிக்கடி மாறுவது. அதைக் கொடுத்தால் நாளைக்கே செல்லாது, மாறாமல் இருப்பதை எடுங்கள். பிபிபிஓஇ அறுந்து மீண்டும் இணையும்போது முன்னொட்டே மாறிவிடக்கூடும் என்பதால் டக்டிஎன்எஸ்ஸில் ஏஏஏஏ பதிவாக (பெயருக்கான ஐபிவி6 முகவரி) போட்டுத் தானாகப் புதுப்பிக்க வையுங்கள்.

மூன்றாவது, வருகிறவர்களுக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும். மொபைல் டேட்டாவில் பெரும்பாலும் கிடைத்துவிடும். வீட்டு பிராட்பேண்டில்தான் பலருக்கு இல்லாமல் போகிறது. எட்டுப் பேரையும் ஐபிவி6 சோதனைத் தளம் ஒன்றைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், பதினைந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். முகவரியை எண்ணாகவே போடுவதென்றால் ஜாவா எடிஷனில் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும், இல்லையென்றால் போர்ட்டுக்கான முக்காற்புள்ளியோடு குழம்பும்.

மண்வெட்டி_07

எல்லாருக்கும் நன்றி. ஐஎஸ்பியில "பிசினஸ் ப்ளான் எடுத்தாத்தான் பப்ளிக் ஐபி"ன்னுட்டாங்க, கட்டுப்படியாகாது. ஐபிவி6 எனக்கு இருக்கு, எட்டுப் பேர்ல மூணு பேருக்கு இல்ல. போன்காரங்க எதையும் இன்ஸ்டால் பண்ண மாட்டேங்கறாங்க. கிளவுட்ஃப்ளேர் டனல் இலவசம்தானே, அதுல விடலாமா? இல்ல, ப்ளேஇட் மாதிரி ஏதாவது?

நாட்_நாயகன்

கிளவுட்ஃப்ளேர் டனல் வெப்சைட்டுக்கு ஆனது. மைன்கிராஃப்ட் மாதிரி வெறும் டிசிபியை அதுல விட்டா, விளையாட வர்ற ஒவ்வொருத்தரும் தங்க மெஷின்ல கிளவுட்ஃப்ளேர்டு (அவங்களோட ப்ரோகிராம்) ஓட்டணும். யூடிபி பெட்ராக்குக்கு அது வழியே இல்ல. என்க்ராக்கும் டிசிபி மட்டும்தான், போன்காரங்க வெளியில நிப்பாங்க.

ப்ளேஇட்ல ரெண்டும் உண்டு. ஏஜென்ட்டை சர்வர்ல ஓட்டி, அக்கவுண்ட்டோட இணைச்சு, ஜாவாவுக்கு ஒரு டனல், பெட்ராக்குக்கு ஒரு டனல்னு உருவாக்கினா முகவரி கொடுத்துடும். பத்து நிமிஷ வேலை. கஷ்டம் பிங்லதான். டனல்னா எல்லா பாக்கெட்டும் ரிலேவுக்குப் போய்த்தான் உங்க வீட்டுக்கு வரும். ஃபைபர்ல 100 கிலோமீட்டர் தூரத்துக்குப் போக வர சுமார் 1 மில்லிசெகண்ட், அதுக்குக் கீழ இயற்பியலே விடாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நேர்க்கோட்டுல 2,900 கிலோமீட்டர் பக்கம். ரிலே அங்க இருந்தா, மதுரைக்காரர் அனுப்புறது சிங்கப்பூர் போய் கோவைக்குத் திரும்பணும். குறைஞ்சபட்சமே 60 மில்லிசெகண்ட், நிஜத்துல 100-ஐத் தாண்டும். கட்டடம் கட்டி விளையாட அது போதும். பிவிபின்னா (ஆளோட ஆள் சண்டை) அடி விழுந்த பிறகுதான் ஆள் தெரியும். முதல்ல இதை ஓட்டிப் பாருங்க, கேம்ல டேப் அமுக்கி எல்லாரோட பிங் கோட்டையும் பாருங்க. பிடிச்சா விட்டுடுங்க.

பேக்கட்பாண்டி

கையில லினக்ஸ் இருக்கு, ஐபிவி6 இருக்கு, ஆர்வமும் இருக்கு. உங்களுக்கு ஏத்தது ஒரு குட்டி விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கிற சர்வர்) + வயர்கார்டு (ரெண்டையும் இணைக்கிற விபிஎன்). யாரும் எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், ரிலே எங்க இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணலாம். மும்பை, பெங்களூர், ஹைதராபாத்ல எல்லாம் எடுக்கலாம்.

"விபிஎஸ் வாங்கினா மைன்கிராஃப்ட்டையே அதுல ஓட்டிடலாமே"ன்னு அடுத்த ஆள் கேட்பாங்க. பேப்பருக்கு 4 ஜிபி ரேமும் நல்ல ஒற்றைக் கோர் வேகமும் வேணும், அந்த விபிஎஸ் விலை வேற. வெறும் பாக்கெட் தள்ள 1 கோர், 512 எம்பி ரேம் தாராளம். விலையில பார்க்க வேண்டியது டேட்டா அளவு. ஆளுக்கு 500 கேபிபிஎஸ்னு தாராளமா வெச்சாலும் எட்டுப் பேருக்கு 4 எம்பிபிஎஸ், மணிக்கு 1.8 ஜிபி. தினம் நாலு மணி நேரம் ஆடினா மாசம் 216 ஜிபி. அதுக்கு மேல அனுமதி இருக்கிற ப்ளானா எடுங்க.

செய்முறை:

1. ரெண்டு பக்கமும் வயர்கார்டு போட்டு சாவி ஜோடி உருவாக்குங்க. விபிஎஸ்ஸுக்கு 10.66.66.1, வீட்டுக்கு 10.66.66.2. லிசன் போர்ட் 51820 விபிஎஸ்ல மட்டும். எண்ட்பாயிண்ட் வீட்டுப் பக்கத்துல மட்டும், ஏன்னா வீட்டிலிருந்துதான் கூப்பிட முடியும்.

2. வீட்டுப் பக்கத்துல பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25-ன்னு போடுங்க. இதை விட்டுட்டா யாரும் ஆடாத நேரத்துல சிஜிநாட் அந்த யூடிபி இணைப்பை மறந்துடும். அப்புறம் வெளியிலிருந்து வர்ற முதல் ஆளுக்கு வழி இருக்காது. காலையில சர்வர் செத்துக் கிடக்கும், நீங்க போய் ஒரு பிங் போட்டதும் உயிர் வரும். அந்த அறிகுறி தெரிஞ்சா இதுதான் காரணம்.

3. விபிஎஸ்ல ஐபிவி4 ஃபார்வர்டிங் ஆன். ப்ரீரூட்டிங் சங்கிலியில டிசிபி 25565, யூடிபி 19132 ரெண்டையும் 10.66.66.2-க்கு டிநாட் (சேர வேண்டிய முகவரியை மாத்துறது) பண்ணுங்க. ஃபார்வர்ட் சங்கிலியில அனுமதி கொடுங்க.

4. விபிஎஸ் நிறுவனத்தோட கண்ட்ரோல் பேனல் ஃபயர்வால்ல 51820 யூடிபியோட சேர்த்து மூணு போர்ட்டையும் திறங்க. ஆரக்கிள் கிளவுட் எடுத்தா, அவங்க உபுண்டு இமேஜுக்குள்ளயே ஐபிடேபிள்ஸ்ல ஒரு ரிஜெக்ட் வரி ஏற்கனவே இருக்கும். உங்க விதியை அதுக்குக் கீழ சேர்த்தா எட்டவே எட்டாது, மேல நுழைக்கணும்.

இப்ப ஒரு முடிவு எடுக்கணும். இணையத்துல கிடைக்கிற வழிகாட்டிகள்ல நிறைய பேர் விபிஎஸ்ல ஒரு மாஸ்கரேட் வரியைப் (அனுப்பினவர் முகவரியை விபிஎஸ்ஸோடதா மாத்துறது) போட்டு முடிச்சுடுவாங்க. வேலை செய்யும், ஆனா உங்க சர்வருக்கு எல்லாருமே 10.66.66.1-ல இருந்து வந்த மாதிரி தெரியும். ஒரு வம்புக்காரரை ஐபி பேன் பண்ணினா எட்டுப் பேரும் வெளியே. இன்னொரு வேடிக்கை: பேப்பரோட புக்கிட் அமைப்புல கனெக்‌ஷன் த்ராட்டில் இயல்பா 4000 மில்லிசெகண்ட். ஒரே ஐபியிலிருந்து நாலு செகண்டுக்குள்ள ரெண்டாவது ஆள் வந்தா "கனெக்‌ஷன் த்ராட்டில்டு"ன்னு திருப்பி அனுப்பிடும். சர்வர் ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாரும் ஒண்ணா நுழைவாங்க, பாதிப் பேருக்கு அடி விழும். மாஸ்கரேட்தான்னா அதை மைனஸ் 1 ஆக்கிடுங்க.

உங்ககிட்ட வீட்டுப் பக்கமும் லினக்ஸ் இருக்கிறதால மாஸ்கரேட் இல்லாமலே செய்யலாம். வீட்டு வயர்கார்டு அமைப்புல அலவ்டு ஐபிஸ் 0.0.0.0/0, கூடவே டேபிள் ஆஃப். டேபிள் ஆஃப் போட மறந்தா வீட்டு நெட் மொத்தமும் விபிஎஸ் வழியா திரும்பிடும். அப்புறம் தனியா ஒரு ரூட்டிங் டேபிள், 123-ன்னு வெச்சுக்குவோம். அதுல டிஃபால்ட் வழி வயர்கார்டு இடைமுகம். ஒரு விதி: 10.66.66.2-ஐ மூலமா வெச்சுப் போற பாக்கெட் எல்லாம் டேபிள் 123-ஐப் பார்க்கணும். ஆர்பி ஃபில்டர் 1-ல இருந்தா 2 ஆக்குங்க, இல்லன்னா உள்ள வர்ற பாக்கெட்டை "இது வர வேண்டிய வாசல் இது இல்லையே"ன்னு கெர்னலே சத்தமில்லாம போட்டுடும்.

தேன்சிட்டு

போர்ட்டைப் பொதுவெளியில் திறக்கப்போகிறீர்கள் என்பதால் ஒரு குறுக்கீடு. 25565-ஐத் தேடிக்கொண்டு ஸ்கேனர்கள் இரவு பகலாகச் சுற்றுகின்றன. முகவரியை யாருக்கும் சொல்லவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது. வொயிட்லிஸ்ட் (அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியல்), அதை அமல்படுத்தும் அமைப்பு இரண்டும் ட்ரூ. ஆன்லைன் மோடும் (கணக்கைச் சரிபார்க்கும் அமைப்பு) ட்ரூவாகவே இருக்கட்டும். அதை ஃபால்ஸ் ஆக்கினால் அட்மினின் பெயரை வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் அட்மினாக நுழையலாம். போன்காரர்களுக்கு ஜாவா கணக்கு இல்லையே என்று அதை அணைப்பவர்கள் உண்டு. ஃப்ளட்கேட் இருப்பதே அதற்குத்தான்.

ஃப்ளட்கேட் பெட்ராக் பெயர்களுக்கு முன்னால் ஒரு புள்ளி சேர்க்கும். அவர்களைச் சாதாரண வொயிட்லிஸ்ட் கட்டளைக்குப் பதில் எஃப்வொயிட்லிஸ்ட் கட்டளையால் சேருங்கள். சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் என்ஃபோர்ஸ் செக்யூர் ப்ரொஃபைல் ஃபால்ஸ் ஆக வேண்டும். ஆர்கான் (தொலைவிலிருந்து சர்வருக்குக் கட்டளையிடும் வசதி) போர்ட் 25575-ஐ டிநாட் பட்டியலில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஏதாவது பழைய மாட் பேக்குக்காக 1.18.1-க்கு முந்தைய பதிப்பை ஓட்டும் எண்ணம் இருந்தால், 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் ஓட்டைக்கான திருத்தம் அதில் போடப்பட்டதா என்று முதலில் பாருங்கள். சாட்டில் ஒரு வரி தட்டினாலே சர்வரில் கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை அது.

மண்வெட்டி_07

பாண்டி அண்ணா சொன்னபடியே மாஸ்கரேட் இல்லாம போட்டாச்சு, விபிஎஸ் மும்பையில. ரெண்டு பக்கமும் ஹேண்ட்ஷேக் வருது, 10.66.66.1-க்கு பிங் போகுது. ஆனா:

ஜாவா: சர்வர் லிஸ்ட்ல பேரு, பச்சைக் கோடு எல்லாம் தெரியுது. ஜாயின் பண்ணா "லோடிங் டெரெய்ன்"லயே நின்னு, அரை நிமிஷத்துல "டைம்டு அவுட்".

பெட்ராக்: போன்ல சர்வரே தெரியல.

பேக்கட்பாண்டி

ரெண்டும் வேற வேற நோய்.

போன் முதல்ல. வீட்டு சர்வர்ல வயர்கார்டு இடைமுகத்துல டிசிபிடம்ப் (போற வர்ற பாக்கெட்டைக் காட்டுற கருவி) வெச்சு 19132-ஐப் பாருங்க. பாக்கெட் உள்ள வரும், பதில் அதே வழியா போகாது. அடுத்து ஈதர்நெட் கார்டுல வெச்சுப் பாருங்க, பதில் 192.168.1.50-ங்கிற முகவரியில இருந்து வீட்டு ரவுட்டர் வழியா கிளம்பிட்டிருக்கும். டிசிபியில இணைப்பு எந்த முகவரிக்கு வந்துச்சோ அதே முகவரியிலிருந்துதான் பதில் போகும். யூடிபியில கீசர் 0.0.0.0-ல கேட்டுட்டு இருந்தா, பதிலுக்கான மூல முகவரியை கெர்னல் வழக்கமான ரூட்டிங்கைப் பார்த்துப் போடும். நாம எழுதின விதி 10.66.66.2-க்கு மட்டும்தானே, அதுல இது மாட்டாது. கீசர் அமைப்புல பெட்ராக் பகுதியில இருக்கிற அட்ரஸை 10.66.66.2-ன்னு மாத்துங்க. அப்புறம் வீட்டுக்குள்ள இருக்கிற போனும் விபிஎஸ் முகவரியிலதான் வரணும்.

ஜாவா: இது எம்டியூ (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு) பிரச்சினை. பேரும் பச்சைக் கோடும் குட்டிப் பாக்கெட், தாண்டிடும். டெரெய்ன் வரும்போதுதான் முழு அளவு பாக்கெட் கிளம்பும், அது வழியில காணாமப் போகுது. ஒண்ணு பாருங்க: வீட்டுல வயர்கார்டு ஸ்டேட்டஸ்ல எண்ட்பாயிண்ட் என்னன்னு வருது? நீங்க விபிஎஸ்ஸோட டொமைன் பேரைப் போட்டிருந்தா, வீட்டுல ஐபிவி6 இருக்கிறதால அது ஐபிவி6 முகவரியா மாறியிருக்கலாம்.

மண்வெட்டி_07

ஆமா, ஐபிவி6 முகவரிதான் காட்டுது. பேரைத்தான் போட்டிருந்தேன்.

பேக்கட்பாண்டி

கணக்கைப் பாருங்க. வயர்கார்டோட இயல்பான எம்டியூ 1420. மேல ஐபிவி4 உறைன்னா 60 பைட் கூடும், 1480 ஆகும். ஐபிவி6 உறைன்னா 80 கூடும், சரியா 1500. பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கிறதால உங்க லைன் தாங்குறது 1492. ஐபிவி4-ல போயிருந்தா பிரச்சினையே வந்திருக்காது, ஐபிவி6-ல 8 பைட் இடிக்குது. "பாக்கெட் பெருசு"ன்னு திருப்பிச் சொல்ற ஐசிஎம்பி செய்தி ஒழுங்கா வந்தா தானா சரியாகியிருக்கும். வழியில ஏதோ ஒரு ஃபயர்வால் அதைத் தின்னுடுது. உங்க உபுண்டு ஃபயர்வால்ல ஐசிஎம்பிவி6-ஐ யாரும் தடுக்கலையான்னும் பாருங்க.

லைனோட அளவை உறுதிப்படுத்தணும்னா, உடைக்கக் கூடாதுங்கிற குறியோட 1464 அளவுல ஐபிவி4 பிங் போடுங்க. தலைப்புகள் 28 பைட் சேர்ந்து 1492. அது போய், 1465 போகலன்னா கணக்கு சரி. 1464-ம் போகலன்னா லைன் இன்னும் ஒடுக்கம், போற அளவு வரைக்கும் குறைச்சுப் பாருங்க.

தீர்வு: ரெண்டு பக்க வயர்கார்டு அமைப்புலயும் எம்டியூ 1380-ன்னு ஒரு வரி. 1412 வரைக்கும் போகலாம், ஆனா அந்த 32 பைட்டுக்கு ஆசைப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க, எதிர்த் திசையில அதே கதை திரும்பும்.

மண்வெட்டி_07

ரெண்டும் சரியாச்சு. போனும் வருது, டெரெய்னும் உடனே வருது. லாக்ல ஒவ்வொருத்தரோட நிஜ ஐபியும் தெரியுது. மும்பை வழியா எல்லாருக்கும் 50-60 மில்லிசெகண்ட். இன்னும் ரெண்டு கேள்வி: சிம்பிள் வாய்ஸ் சாட் சேர்க்கலாமா? அப்புறம் புது இடத்துக்கு யாராவது எலிட்ராவுல பறந்தா மத்தவங்களுக்கு லேசா இழுக்குது, விபிஎஸ் பத்தலையா?

பேக்கட்பாண்டி

வாய்ஸ் சாட் யூடிபி 24454. டிநாட்ல ஒரு வரி, பேனல் ஃபயர்வால்ல ஒரு வரி, அதோட பைண்ட் அட்ரஸையும் 10.66.66.2 ஆக்கணும், கீசருக்குச் சொன்ன அதே காரணம்தான். பெட்ராக்ல இருந்து பேச முடியாது, அது ஜாவா மாட்.

கரிச்சான்

இழுக்கிறதுக்கு விபிஎஸ் காரணமா இருக்காது. வீட்டு அப்லோடை அளந்து பாருங்க, சில ப்ளான்ல 100-ங்கிறது டவுன்லோடுக்கு மட்டும். அது சரியா இருந்தா சிபியூதான்: புது சங்க் (உலகத்தோட ஒரு துண்டு) உருவாக்குறது ஆறாம் தலைமுறை ஐ5-க்குப் பெரிய வேலை. வியூ டிஸ்டன்ஸ் 10-ல இருந்து 8, சிமுலேஷன் டிஸ்டன்ஸ் 6. வேர்ல்ட் பார்டர் வெச்சு, சங்கி ப்ளகினால முழு இடத்தையும் ராத்திரி ஆளில்லாத நேரத்துல முன்கூட்டியே உருவாக்கிடுங்க. டிஸ்க்ல இடம் இருக்கான்னு பார்த்துக்கங்க, 5000 பிளாக் ஆரம்னாலே பல ஜிபி போகும். டெஸ்க்டாப் வைஃபைல இருந்தா முதல் வேலையா கேபிள் போடுங்க.

நாட்_நாயகன்

ஓஎன்டிக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்குங்க. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ல உயிரோட இருந்து ஓஎன்டி மட்டும் அணைஞ்சா எட்டுப் பேரும் டைம் அவுட் ஆவாங்க. பயாஸ்ல கரண்ட் வந்ததும் தானா ஆன் ஆகிற அமைப்பைப் போட்டு, சர்வரை சிஸ்டம்டி சர்வீஸா வைங்க. நிறுத்தும்போது ப்ராசஸை அப்படியே கொல்லாம கன்சோலுக்கு "ஸ்டாப்" கட்டளை போற மாதிரி எழுதணும், சேவ் ஆகிட்டு இருக்கிற நேரத்துல அறுத்தா ரீஜன் ஃபைல் கெட்டுப்போகும். வயர்கார்டு சர்வீஸ் எழுந்த பிறகுதான் மைன்கிராஃப்ட் எழணும்னு வரிசையும் குறிச்சுடுங்க. இல்லன்னா 10.66.66.2 இன்னும் வராத நேரத்துல கீசர் அதுல பைண்ட் பண்ணப் பார்த்துத் தோத்துடும். ஜாவாகாரங்க சாதாரணமா வருவாங்க, போன்காரங்க மட்டும் வெளியில நிப்பாங்க.